பாடம் தேர்ந்தெடுக்கும் பருவம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கவுன்சலர் என்றொரு உத்தியோகஸ்தர் இருக்கிறார். வகுப்பில் நின்று பாடம் போதிப்பதோ, ஒழுங்கு தவறிய மாணாக்கரைத் தண்டிப்பதோ அவருடைய வேலையன்று. ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் வரையில், எந்த ஆண்டில் எந்தப் பாடத்தைப் படிப்பது, எந்தப் பரீட்சையை எப்போது எழுதுவது, கலாசாலையில் செல்லுபடியாகும் கிரெடிட்டைப் பள்ளியில் இருக்கும்போதே எவ்வளவு ஈட்டுவது என்பவற்றையெல்லாம் அப்பிள்ளையோடும் பெற்றோரோடும் கலந்து யோசித்து வழி சொல்வதே அவருடைய பிரதான கடமை. டெக்சஸ் மாநிலத்தில், டல்லஸ் நகரை அடுத்த பகுதியில் ஒரு பொதுப் பள்ளியில், முதலில் கணித ஆசிரியராகவும் பின்னர் கவுன்சலராகவும் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறேன். இம்மாநிலத்தில் கவுன்சலராக வருவதற்கு முதுகலைப் பட்டத்தோடு வகுப்பறையில் போதித்த அநுபவமும் வேண்டும் என்று அக்காலத்தில் இருந்த விதியின்படி நான் இந்தப் பணிக்கு வந்தேன். அந்த விதி மிகவும் விவேகமானது என்பது என் அபிப்பிராயம். ஒரு பாடத்தில் திணறும் பிள்ளையின் முகத்தைக் கரும்பலகையின் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான், அந்தப் பாடத்தை இன்னொரு பிள்ளையின் அட்டவணையில் எழுதும்போது கை சற்று நிதானிக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய பெற்றோர்களுக்கு இந்த ஏற்பாடு முதலில் பிடிபடுவதில்லை. நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து மதிப்பெண் வந்ததும், பயாலஜி குரூப்பா, கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப்பா, காமர்ஸ் குரூப்பா என்ற ஒரே கேள்வியில் பிள்ளையின் படிப்பு முழுவதும் நிர்ணயமாகிவிடுகிறது. பிறகு இரண்டாண்டுகள் அந்தப் பாதையில் நடப்பது ஒன்றே பாக்கி. இங்கேயோ அந்த ஒரு கேள்வி சிறு சிறு கேள்விகளாக உடைந்து, நான்கு ஆண்டுகளுக்கும் பரவி, ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி மாதங்களில் பாடத் தேர்வுப் படிவம் என்ற ரூபத்தில் வீட்டுக்கு வருகிறது. கேள்வி சிறிதாக இருப்பதால் பலர் அதை அலட்சியமாகப் பூர்த்தி செய்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அப்படிப் பூர்த்தி செய்யப்படும் கட்டங்களில் சில, பின்னால் எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு சாத்தப்படும் என்பதைப் பிள்ளை அறியாத வயதிலேயே முடிவு செய்துவிடுகின்றன.

இந்தத் தொழிலின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்ல வேண்டும். 1908-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்ஸன்ஸ் என்பவர், ஏழை இளைஞர்களும் புதிதாக வந்து குடியேறியவர்களும் தங்களுக்கு உகந்த தொழிலைத் தேர்ந்துகொள்ள உதவும் பொருட்டு ஒரு நிலையத்தை ஏற்படுத்தினார். அமெரிக்காவில் முறையான வழிகாட்டலுக்கு வித்திட்டது அதுவே என்பார்கள். 1957-இல் சோவியத் ருஷ்யா ஸ்புட்னிக் என்ற செயற்கைச் சந்திரனை வானில் ஏவியபோது இத்தேசம் அடைந்த அதிர்ச்சியில், மறு ஆண்டே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் திறமையுள்ள பிள்ளைகளை இளமையிலேயே இனங்கண்டு கலாசாலைக்கு அனுப்ப வேண்டும் என்ற உத்தேசத்துடன், பள்ளிக் கவுன்சலர்களைப் பயிற்றுவிக்க அந்தச் சட்டத்தின் கீழ்ப் பணம் ஒதுக்கப்பட்டது. ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் 1959-இல் வெளியிட்ட தமது ஆராய்ச்சியில், இருநூற்றைம்பது முதல் முந்நூறு மாணாக்கருக்கு ஒரு கவுன்சலர் வேண்டும் என்று சிபாரிசு செய்தார். அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கம் இன்றும் 250 பேருக்கு ஒருவர் என்றே கூறுகிறது. தேசத்தின் சராசரியோ 2022–23-ஆம் கல்வியாண்டில் 385 பேருக்கு ஒருவர் என்ற அளவில் நின்றது.

இந்த இடைவெளியிலேதான் எங்கள் தொழிலின் துன்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பரீட்சைத் தாள் கட்டுகளை எண்ணுவதும், உணவு அறையில் காவல் நிற்பதும், அட்டவணையில் அறை எண்களை மாற்றுவதுமாகக் கவுன்சலரின் பகற்பொழுது கரைந்துபோவதைக் கண்டு, டெக்சஸ் சட்டசபை 2021-இல் ஒரு சட்டம் இயற்றியது. கவுன்சலர் தம் வேலை நேரத்தில் குறைந்தது 80 சதவிகிதத்தை ஆலோசனைப் பணிக்கே செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டந்தான். ஆயினும் நேரம் கிடைத்தாலும், அதை யாருக்குச் செலவிடுவது என்ற கேள்வி நிற்கிறது. கேட்டு வருகிற பெற்றோர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தெரியும், சந்திக்க நேரம் குறிக்கத் தெரியும், அண்டை வீட்டுப் பிள்ளை என்ன எடுத்தது என்பதும் தெரியும். கேட்கத் தெரியாதவர்களின் பிள்ளையோ படிவத்தைத் தானே நிரப்பி, தானே கையெழுத்தும் வாங்கி, சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போய்விடும். அந்தப் பிள்ளையை நாமே தேடிப் போய் அழைத்து உட்கார வைப்பதுதான் இந்தத் தொழிலின் தர்மம் என்று நான் ஆதியிலிருந்தே கருதி வந்திருக்கிறேன்.

கணிதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே அல்ஜீப்ரா ஒன்று, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்ற வரிசை பெரும்பாலும் மாறாதது. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா ஒன்றைத் தொடங்குகிற பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் ப்ரீகால்குலஸ் வரைதான் வரும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்கியது கால்குலஸை எட்டும். எட்டாம் வகுப்பில் தொடங்குவதற்கு ஆறாம் வகுப்பிலேயே மேல்நிலைக் கணித வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே, எஞ்சினீயரிங் படிக்க விரும்பும் பதினேழு வயதுப் பெண்ணின் விண்ணப்பத்தில் கால்குலஸ் இருக்குமா இராதா என்பது, அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது யாரோ ஒருவர் செய்த சிபாரிசினால் நிர்ணயிக்கப்படுகிறது. அந்தச் சிபாரிசும், பெற்றோர் வற்புறுத்திக் கேட்ட பிள்ளைகளுக்கே பெரும்பாலும் கிடைத்து வந்தது. 2023-இல் இம்மாநிலத்தில் வந்த ஒரு சட்டம் இந்த நிலைமையை ஓரளவு திருத்தியிருக்கிறது: ஐந்தாம் வகுப்பு அரசாங்கக் கணிதப் பரீட்சையில் முதல் 40 சதவிகிதத்துக்குள் வரும் பிள்ளைகளை, யாரும் கேட்காமலே ஆறாம் வகுப்பின் மேல்நிலைக் கணிதத்தில் சேர்த்துவிட வேண்டும், வேண்டாம் என்றால் பெற்றோர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டவருக்குக் கொடுப்பது என்ற சம்பிரதாயத்தை, தகுதியுடையவருக்குக் கொடுப்பது என்று மாற்றிய இந்த ஏற்பாட்டை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன்.

இதனினும் சூட்சுமமான இடம் ஒன்று உண்டு. டெக்சஸில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர்நிலைப் பள்ளியில் பட்டம்பெற 22 கிரெடிட் போதும். விஞ்ஞானம், வர்த்தகம், பொதுச் சேவை, கலைகள், பலதுறை என்ற ஐந்து பிரிவுகளில் ஒன்றைச் சேர்த்து முடித்தால் 26 ஆகும். இந்த ஏற்பாட்டில் அல்ஜீப்ரா இரண்டு எல்லாருக்கும் கட்டாயமில்லை. ஆனால் 1997-ஆம் ஆண்டு முதல் இம்மாநிலத்தில் இன்னொரு சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. பள்ளியில் தன் வகுப்பின் முதல் பத்துச் சதவிகிதத்துக்குள் வரும் மாணாக்கருக்கு மாநில அரசாங்கச் சர்வகலாசாலைகளில் இடம் தானாகவே கிடைக்கும் என்பது அது. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் சர்வகலாசாலைக்கு மட்டும் விண்ணப்பங்கள் மிகுதியாக வருவதால் அந்த எல்லை ஆறு சதவிகிதமாகச் சுருங்கி, 2026-இல் சேருவோருக்கு ஐந்தாக நிற்கிறது. இந்தச் சலுகையைப் பெறுவதற்கு மாணாக்கர் 'விசேஷச் சாதனை நிலை' என்ற தகுதியை முடித்திருக்க வேண்டும்; அந்தத் தகுதிக்கு அல்ஜீப்ரா இரண்டு அவசியம். ஒரு சட்டம் வேண்டாமென்று விட்ட பாடத்தை மற்றொரு சட்டம் வாயிற்காவலாக நிறுத்தியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்துச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

ஒரு மாணாக்கனை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவனுடைய தாயார் இரவு வேலைக்குப் போகிறவர். ஆங்கிலம் சரளமாக வராது. பையன் எல்லா வகுப்புகளிலும் முன்னணியில் நின்றான். ஆனால் பதினோராம் வகுப்புப் படிவத்தில், பகுதிநேர வேலைக்குச் சௌகரியமாக இருக்கும் என்று எண்ணி, அல்ஜீப்ரா இரண்டுக்குப் பதிலாக இலேசான வேறொரு கணிதப் பாடத்தை எழுதியிருந்தான். பட்டம்பெறுவதற்கு அதுவே போதும் என்பதால் கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. தாயாரை வேலை முடிந்து வரும் காலை நேரத்தில், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் உதவியுடன், பள்ளிக்கு வரவழைத்தேன். அந்த ஒரு பாடத்தை விட்டால் மகன் எதை இழக்கிறான் என்பதைச் சொன்னபோது, அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி: "இதை ஏன் இதற்கு முன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை?" அந்தக் கேள்விக்கு எங்கள் கல்வி முறை முழுவதும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. பையன் பாடத்தை மாற்றிக்கொண்டான். வகுப்பில் தான் வகித்த ஸ்தானத்தினாலேயே அரசாங்கச் சர்வகலாசாலையில் இடமும் பெற்றான். திறமை அவனுடையது, நான் செய்தது ஒரு கட்டத்தை மாற்றி எழுதியதுதான்.

வகுப்பு ஸ்தானத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதனால் வேறொரு விபரீதமும் விளைகிறது. பல பள்ளிகளில் மேல்நிலைப் பாடங்களுக்கு அதிக எடையிட்டுச் சராசரி கணக்கிடுகிறார்கள். சாதாரணப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கினாலும் நான்கு புள்ளி என்றால், மேல்நிலைப் பாடத்தில் அதே மதிப்பெண் ஐந்து புள்ளி பெறும். இதன் பயனாக, வாத்தியக் குழுவில் வயலின் வாசிக்கும் பெண்ணொருத்தி, அந்த வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியும் தன் சராசரி குறைகிறதே என்று கவலைப்பட்டு, இசையை விட்டுவிடப் படிவம் கேட்டு என் அறைக்கு வந்தாள். அவளுடைய தந்தையாரும் உடன் வந்திருந்தார். கணக்குப் போட்ட தாள் ஒன்று கையில் இருந்தது. கணக்கில் பிழையில்லை. ஆனால் இசையை விட்டால் அந்த நேரத்தில் அவள் எடுக்கப் போகும் பாடத்தில் அவளுக்குச் சிரத்தை இல்லை. சிரத்தையில்லாத மேல்நிலைப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால், கூடுதல் எடையினால் வரும் லாபமும் கரைந்துவிடும். அதோடு, பள்ளிப் படிப்பு முழுவதும் ஒரு கலையை விடாமல் பயின்றவள் என்பதும் விண்ணப்பத்தைப் படிக்கிற கலாசாலை அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியக்கூடிய விஷயமே. தந்தையார் நெடுநேரம் யோசித்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்து, "அம்மா, நீயே சொல்" என்றார். அவள் வயலினையே தேர்ந்தாள். எண்ணுக்காகப் பிள்ளையின் பிரியத்தைப் பறிப்பது பெற்றோருக்கும் சம்மதமில்லை. வேறு வழி உண்டு என்று எவரேனும் சொன்னால் போதும்.

இனி ஏ.பி. பாடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் இருந்துகொண்டே கலாசாலையின் முதலாண்டுப் பாடத்தைப் படிக்கும் இந்த ஏற்பாடு, 1950-களின் தொடக்கத்தில் ஃபோர்டு தர்மஸ்தாபனத்தின் உதவியால் சில பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. 1955-இல் காலேஜ் போர்டு என்ற பரீட்சை ஸ்தாபனம் அதை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு மே மாதமும் பரீட்சை. மதிப்பு ஒன்று முதல் ஐந்து வரை. கட்டணம் பாடம் ஒன்றுக்கு ஏறக்குறைய நூறு டாலர், வறிய குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. மூன்று வாங்கினால் தேறினதாகப் பொதுவாகக் கருதுகிறார்கள். ஆனால் அந்த மூன்றை எந்தக் கலாசாலை ஏற்கும் என்பது வேறு விஷயம். டெக்சஸ் அரசாங்கக் கலாசாலைகள், தக்க ஆதாரம் காட்டி அதிக மதிப்பெண் கேட்டாலன்றி, மூன்று வாங்கியவருக்கே தொடக்கநிலைப் பாடத்தில் கிரெடிட் தர வேண்டும் என்று 2015-இல் சட்டம் வந்தது. மாநிலத்துக்கு வெளியேயுள்ள பிரசித்தமான தனியார் கலாசாலைகள் பல நான்கோ ஐந்தோ கேட்கின்றன. டார்ட்மத் கலாசாலை 2014-இல் சேர்ந்த மாணாக்கர் முதல் ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதையே நிறுத்தி, எந்த வகுப்பில் உட்காரலாம் என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறது. ஆகவே எத்தனை ஏ.பி. எடுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம், எங்கே போவதாக உத்தேசம் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பது வழக்கம்.

கிரெடிட் கையில் இருக்கிறது என்பதற்காக அதை உடனே பிரயோகித்துவிடவும் கூடாது. சில சர்வகலாசாலைகளில் மாணாக்கர் தாமே விண்ணப்பித்துக் கோரினாலன்றி அது பதிவாகாது. அப்படிக் கோருவதற்கு முன் யோசிக்க அவகாசம் இருக்கிறது என்பதை அநேகர் கவனிப்பதில்லை. எஞ்சினீயரிங்குக்குப் போகும் பிள்ளை கால்குலஸ் ஏ.பி.யில் தேறியதனால் முதற் கால்குலஸைத் தாண்டி நேரே இரண்டாவதில் உட்காரும்போது, அங்கே தன்னோடு இருப்பவர்கள் சர்வகலாசாலைப் பேராசிரியரிடமே முதற் பாகத்தைக் கற்று வந்தவர்கள் என்பதை உணர்கிறது. ஆகையால் நான் சொல்லும் யோசனை இது: சேரப் போகும் சர்வகலாசாலையின் பழைய இறுதிப் பரீட்சைத் தாள் ஒன்றைத் தேடி எடுத்து, விடுமுறையில், யார் துணையும் இன்றி எழுதிப் பாருங்கள், சிரமமின்றி எழுத வந்தால் கிரெடிட்டைக் கோருங்கள், வராவிட்டால் அந்தப் பாடத்தையே மறுபடியும் உட்கார்ந்து படியுங்கள். அஸ்திவாரம் ஈரமாக இருக்கும்போது மேல்மாடி எழுப்புகிறவனுக்கு மிச்சமாகும் நாட்களால் லாபம் எதுவும் இல்லை. சரித்திரம், அரசியல், பொருளாதாரம் போன்ற பாடங்களில் இந்த அபாயம் குறைவு. பிள்ளையின் பிரதான துறைக்கு வெளியே உள்ள பாடங்களில் கிரெடிட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வைத்தியப் படிப்பை நாடுவோர் மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும்: சில வைத்தியக் கலாசாலைகள், அடிப்படை விஞ்ஞானப் பாடங்களைக் கலாசாலை வகுப்பிலேயே படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன.

டூயல் கிரெடிட் என்பது வேறு வகை. அக்கம்பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் பாடத்தைப் பள்ளி மாணாக்கர் படித்து, அதே பாடத்துக்குப் பள்ளியிலும் காலேஜிலும் ஒரே சமயத்தில் கிரெடிட் பெறுவது. மினசோட்டா மாநிலம் 1985-இல் தன் பள்ளி மாணாக்கருக்குக் காலேஜ் வாயிலைத் திறந்துவிட்டது. இன்று நாடெங்கும் இம்முறை பரவியிருக்கிறது. ஏ.பி.யில் ஒரு மே மாதப் பகற்பொழுது முழு ஆண்டின் உழைப்பையும் தீர்மானிக்கிறது. டூயல் கிரெடிட்டில் பருவம் முழுவதும் செய்த வேலையே மதிப்பெண்ணாகிறது. பரீட்சை அறையில் நடுங்கும் பிள்ளைக்கு இது பெரிய அநுகூலம். டெக்சஸில் எல்லா அரசாங்கக் கலாசாலைகளுக்கும் பொதுவான 42 கிரெடிட் மணிநேர அடிப்படைப் பாடத்திட்டம் ஒன்று இருப்பதால், அதற்குள் அடங்கும் பாடங்களை ஓரிடத்தில் முடித்தால் மாநிலத்தின் மற்ற அரசாங்கக் கலாசாலைகளும் ஏற்றே ஆகவேண்டும். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, ஏற்பாட்டில் சேர்ந்த காலேஜ்களில் இந்தப் பாடங்களைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டமும் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டிருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் இந்த உத்தரவாதம் இல்லை. பள்ளிப் பட்டத்துக்கு எண்ணிக்கொண்ட பாடத்தை மறுபடியும் எண்ணமாட்டோம் என்று சொல்லும் தனியார் கலாசாலைகள் உண்டு.

டூயல் கிரெடிட்டில் சேர்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட்டதில்லை. முதலாவது, பதினாறு வயதில் அங்கே வாங்கும் மதிப்பெண் காலேஜின் நிரந்தரப் பதிவேட்டில் ஏறிவிடும். பின்னர் எந்தச் சர்வகலாசாலைக்கு விண்ணப்பித்தாலும் அந்தப் பதிவேட்டை அனுப்ப வேண்டும். மோசமான மதிப்பெண்கள் பிற்காலத்தில் சர்க்கார் உதவிப் பணத்துக்கும் இடையூறாகலாம். இரண்டாவது, 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டு அந்தரங்கச் சட்டப்படி, காலேஜில் சேர்ந்த மாணாக்கரின் விவரங்கள் வயது எதுவாயினும் அவருக்கே உரியவை. ஆகவே பேராசிரியரைத் தகப்பனார் தொலைபேசியில் அழைத்து, பிள்ளையின் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று விசாரித்தால், அவர் பதில் சொல்ல வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. பிள்ளை தானே கடிதம் எழுதவும், தானே சந்தேகம் கேட்கவும், தவணை தவறினால் அதன் பலனைத் தானே ஏற்கவும் பக்குவமடைந்திருக்கிறதா என்பதை மதிப்பெண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

கலாசாலையில் சேருவதற்காக எழுதும் பரீட்சைகளைப் பற்றியும் சில வார்த்தைகள். எஸ்.ஏ.டி. 1926-இலும், ஏ.சி.டி. 1959-இலும் பிறந்தவை, முன்னது 1600-க்கும் பின்னது 36-க்கும் கணக்கிடப்படுகின்றன. பௌடாயின் கலாசாலை 1969-இலேயே இவை கட்டாயமில்லை என்று அறிவித்தது. 2020-இல் கொள்ளைநோயினால் பரீட்சை நிலையங்கள் மூடப்பட்டபோது ஏராளமான கலாசாலைகள் அந்த வழியைப் பின்பற்றின. கலிபோர்னியா சர்வகலாசாலை இப்போது அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆனால் எம்.ஐ.டி. 2022-இலும், ஆஸ்டின் சர்வகலாசாலை 2024-இலும் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. ஆகவே பரீட்சை ஒழிந்தது என்று நினைப்பதும் தவறு. அதுவே எல்லாம் என்று நினைப்பதும் தவறு. எஸ்.ஏ.டி.க்கு முன்னோடியாக, பதினோராம் வகுப்பின் அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி.தான் தேசியத் தகுதிப் பரிசுக்குக் கணக்கில் வருவது. அதற்கு முன் எழுதுவதெல்லாம் பயிற்சி. எஸ்.ஏ.டி.யை அல்ஜீப்ரா இரண்டு ஓரளவேனும் முடிந்தபின், பதினோராம் வகுப்பின் பிற்பகுதியில் எழுதி, வேண்டுமானால் கோடைக்குப் பிறகு மறுபடியும் எழுதினால் பெரும்பாலாருக்குப் போதும். 2024 முதல் அமெரிக்காவில் இது கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. முதற் பகுதியில் எழுதிய விடைகளுக்கு ஏற்ப இரண்டாம் பகுதியின் கடினம் மாறுகிறது. இதற்கான பயிற்சியை கான் அகாடமி 2015 முதல் இலவசமாகவே அளித்து வருகிறது. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துத் தனிப் பயிற்சி வகுப்பில் சேர்த்தால்தான் ஆகும் என்று கடன் வாங்கும் பெற்றோரைக் கண்டு நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்று பிரத்தியேகமாக ஒரு சந்தோஷமான விஷயமும் இருக்கிறது. இங்கே பட்டம்பெற வேற்றுமொழியில் இரண்டு கிரெடிட் வேண்டும். வார இறுதியில் தன்னார்வலர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளில் ஆண்டுக்கணக்காகப் பயிலும் பிள்ளைகள், மொழித்திறன் பரீட்சை எழுதித் தமிழுக்கே இந்தக் கிரெடிட்டைப் பெறும் வாய்ப்பைச் சில கல்வி மாவட்டங்கள் தருகின்றன. கலிபோர்னியா 2011-இல் தொடங்கிவைத்த இருமொழித்திறன் முத்திரையும் பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. பாட்டியோடு பேசக் கற்ற மொழி பள்ளிப் பதிவேட்டில் ஏறுகிறது என்று அறிந்த பிள்ளை, அந்த மொழியைப் புதிய மரியாதையுடன் நோக்குவதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாவட்டத்தில் அந்த ஏற்பாடு உண்டா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே விசாரிப்பது நல்லது. அதைப் போலவே, விசா ஏற்பாட்டில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசாங்க உதவிப் பணம் கிடையாது என்பதையும் பன்னிரண்டாம் வகுப்பில் திடுக்கிட்டு அறிவதைவிட முன்னமே அறிந்துகொள்வது நலம்; அக்குடும்பங்களுக்கு, பள்ளிப் பருவத்தில் ஈட்டும் கலாசாலைக் கிரெடிட் உண்மையிலேயே ஒரு பொருளாதாரப் பாதுகாப்பாகும்.

இவ்வளவு விதிகளையும் ஆண்டுகளையும் சொன்னதனால், பாடத் தேர்வு என்பது விதிகளை மனனம் செய்யும் வித்தை என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. விதிகள் சட்டசபை கூடுந்தோறும் மாறுகின்றன; மாறாதது, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் இயல்பு. எவ்வளவு தூங்குகிறது, எந்தப் பாடத்தைப் பற்றிக் கேட்காமலே பேசுகிறது, வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உண்டா, தோல்வியைத் தாங்கும் மனத்திடம் எவ்வளவு என்பவற்றை அறியாமல் எழுதப்படும் அட்டவணை, எத்தனை கிரெடிட்டைக் காட்டினாலும் பயனற்றது. ஏழு மேல்நிலைப் பாடங்களை எடுத்து ஒன்றிலும் மனம் தோயாமல் களைத்துப்போன பிள்ளையைவிட, மூன்றை எடுத்து மூன்றையும் நேசித்துப் படித்த பிள்ளை கலாசாலையில் உறுதியாக நிற்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். கிரெடிட் காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்; கற்றது மட்டுமே அடுத்த பாடத்தைத் தாங்கும்.

ஆகையால் பெற்றோர்களிடம் என் விண்ணப்பம் இது. பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வரும்போது, கையெழுத்திடுவதற்கு முன் மூன்று கேள்விகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து கேளுங்கள்: இந்தப் பாடம் அடுத்த ஆண்டு எந்தப் பாடத்துக்கு வழி திறக்கிறது? இதன் கிரெடிட்டை நாம் நாடும் கலாசாலை எந்த மதிப்பெண்ணுக்கு ஏற்கிறது? இதைப் படிக்க உனக்கு நேரமும் விருப்பமும் இருக்கின்றனவா? மூன்றில் ஒன்றுக்கேனும் விடை தெரியாவிட்டால், அண்டை வீட்டாரின் அபிப்பிராயத்தோடு நின்றுவிடாமல், பள்ளிக் கவுன்சலரை நேரில் சந்தியுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. அந்தச் சந்திப்புக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அது உங்கள் பிள்ளைக்கு உரியது.